தேனிலவுக்குப் போகும் வழியில் கொல்கத்தாவில் இரண்டு இரவு

"அக்கா, எனக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். வீட்டில் பார்த்து முடித்தது. நிச்சயம் ஆனதிலிருந்து நான்கு மாதமாக ஃபோனில்தான் பேசிக்கொள்கிறோம். தேனிலவுக்கு டார்ஜிலிங். போகிற வழியில் கொல்கத்தாவில் இரண்டு நாள் தங்க எனக்கு ஆசை. வீட்டில் எல்லோரும், அந்த ஊரில் என்ன இருக்கிறது, கூட்டமும் அழுக்கும்தான், நேராக டார்ஜிலிங்குக்குப் பக்கத்து விமான நிலையமான பாக்டோக்ராவில் போய் இறங்குங்கள் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் கேட்டது இது.

தங்குங்கள் மா. தாராளமாகத் தங்குங்கள். நான் தூத்துக்குடிக்காரி. 2004 தை மாதம் கல்யாணமாகி, பத்தாம் நாள் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஹவுராவில் வந்து இறங்கினேன். அவருக்கு இங்கே வேலை. அதனால் எங்களுக்குத் தேனிலவும் குடித்தனமும் ஒரே ஊரில் தொடங்கின. அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறோம். டார்ஜிலிங், காங்டாக் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போன புதுத் தம்பதிகள் நிறைய. அவர்கள் சொன்னது, நான் பட்டது இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில், வீட்டார் சொல்வது முழுக்கப் பொய் இல்லை. கூட்டம் உண்டு, இரைச்சல் உண்டு. ஆனால் உங்களுக்கு இப்போது தேவையானது அந்தக் கூட்டம்தான் என்பது என் எண்ணம். நம் பக்கத்தில் புது மாப்பிள்ளையும் பெண்ணும் தெருமுனைக் கடை வரை நடந்து போனாலே நான்கு வீட்டு வாசலில் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இங்கே ஒன்றரைக் கோடிப் பேர் நடுவில் நீங்கள் இருவரும் யாரோ. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. கோபித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நடந்தாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. மலையூரில் மாலை ஆறு, ஏழு மணிக்கெல்லாம் குளிர் இறங்கிவிடும், கடைகளை அடைக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் விடியும்வரை நீங்கள் இருவரும் அந்த அறையும்தான். காதலித்துக் கட்டிக்கொண்டவர்களுக்கு அது சுகம். நான்கு மாத ஃபோன் பழக்கத்தில் வருகிறவர்களுக்கு முதல் நாளே அவ்வளவு தனிமை சில நேரம் பாரமாகிவிடும். என்ன பேசுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக என்னிடம் சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். பெரிய ஊரில் பேச்சுக்கு விஷயம் தேட வேண்டியதில்லை. எதிரே ஒருவர் தலையில் ஆளுயரக் கூடையோடு போவார், அதிலிருந்து பேச்சு தொடங்கிவிடும். பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டு பேசும்போது முகம் பார்த்துச் சொல்லக் கூச்சப்படுவதையெல்லாம் சொல்லிவிடலாம். இரண்டு நாள் அப்படி நடந்துவிட்டு மலைக்குப் போனால் அங்கே இருக்கிற அமைதி உங்களுக்கு வேறு மாதிரி இருக்கும்.

ஆனால் இரண்டு நாளில் ஊரையே பார்த்துவிடப் பார்க்காதீர்கள். என் வீட்டுக்காரர் அந்தத் தப்பைத்தான் செய்தார். வந்த மறுநாளே காளிகாட், விக்டோரியா மெமோரியல், மியூசியம், மிருகக்காட்சி சாலை, ஹவுரா பாலம் என்று தாளில் எழுதி நேரமும் குறித்து வைத்திருந்தார். எனக்கு ஊர் காட்ட வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன. நான் புது மெட்டி போட்ட காலோடு மூடிய செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மியூசியம் தாண்டும்போதே இரண்டு கால் விரலிலும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. சொன்னால் அவர் போட்ட திட்டம் கெட்டுப்போகுமே என்று சொல்லவில்லை. அவரோ, இவளுக்கு எதுவுமே பிடிக்கவில்லை போல என்று நினைத்து முகம் வாடிவிட்டார். ராத்திரி அறைக்கு வந்து செருப்பைக் கழற்றியபோதுதான் பார்த்தார். வெந்நீரும் மஞ்சள்தூளும் கேட்டு வாங்கி வந்து கொடுத்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். அடுத்த நாள் நாங்கள் போனது ஒரே ஓர் இடம், கங்கைக்கரை. எனக்கு அந்தத் தேனிலவில் நினைவிருப்பதும் அந்த நாள்தான்.

அதனால் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் சாப்பாடு, தூக்கம். கல்யாண வீட்டில் நான்கைந்து நாளாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து, இரண்டு ராத்திரியாவது நன்றாகத் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். கல்யாணத்துக்கு மறுநாளே விமானம் ஏறுவதைப் போலத் தப்பான காரியம் கிடையாது.

கிளம்புமுன் சில விஷயங்கள். மெட்டி போட்ட காலுக்கு முன்பக்கம் திறந்த, பட்டை வைத்த செருப்பு. அதையும் பத்து நாள் முன்னாலேயே வாங்கி வீட்டுக்குள் போட்டுப் பழக்குங்கள். டார்ஜிலிங் குளிருக்கு ஷூ வேண்டும்தான், அதற்கு ஒரு சுற்றுப் பெரிய அளவும் தடித்த காலுறையும் பாருங்கள். தாலிக்கொடி செயினில் இருந்தால், அம்மாவையும் மாமியாரையும் கேட்டுக்கொண்டு, மஞ்சள் கயிற்றோடு மட்டும் வாருங்கள். ஹவுரா, நியூ மார்க்கெட் கூட்டத்தில் கழுத்தில் நகையைக் காபந்து பண்ணிக்கொண்டு நடந்தால் வேறெதிலும் மனசு போகாது. ஆதார் இருவரிடமும் அசலாக இருக்கட்டும். உங்கள் அட்டையில் அப்பா பெயரும் பழைய விலாசமும்தான் இருக்கும். அறை எடுக்கும்போது சில இடங்களில் தயங்குவார்கள், ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பெட்டியில் போட்டுக்கொண்டால் பேச்சு வளராது. அப்புறம் பணம். உங்கள் பணம் என்று கொஞ்சம் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். ஒரு பொட்டு வாங்கவும் பழகாத ஒருவரிடம் கேட்டு நிற்பது முதல் வாரத்தில் எத்தனை சங்கடம் என்பது ஆண்களுக்குச் சொன்னால்தான் தெரியும். வீட்டுக்கு ஃபோன் பேசுவதற்கு இரவு சாப்பாட்டுக்கு முன் ஒரு நேரம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இல்லையென்றால் அம்மா காலையில் ஒன்று, மாமியார் மத்தியானம் ஒன்று, அத்தை சாயங்காலம் ஒன்று என்று நாள் முழுக்க அதிலேயே போய்விடும்.

விமானத்தில் வருகிறீர்கள் என்றால் மதியம் வந்து சேர்கிற மாதிரிப் பாருங்கள். இந்த மாதங்களில் அதிகாலையில் பனிமூட்டம் இறங்கி விமானங்கள் தாமதமாவது உண்டு. விமான நிலையத்துக்கு 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் நோவாபாடாவில் வண்டி மாற வேண்டும்; கல்யாணப் பெட்டிகளோடு அது வேண்டாம், டாக்சியே எடுங்கள். பழைய மஞ்சள் அம்பாசடர் கிடைத்தால் ஒரு தடவையாவது அதில் ஏறுங்கள். 2014-இல் அந்தக் கார் தயாரிப்பதே நின்றுவிட்டது. ஓடுகிற டாக்சிகளும் வயதாகி வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. பின்சீட்டு மட்டும் பழைய சோபா மாதிரி அகலமாக இருக்கும். தங்குவதற்கு, இரண்டே இரவு என்பதால் பார்க் ஸ்ட்ரீட் சுற்றுவட்டாரம் வசதி. அமைதி வேண்டுமென்றால் தெற்கே பாலிகஞ்ச் பக்கம் மரநிழல் தெருக்களில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன.

ஒன்றை மறக்காதீர்கள், இங்கே பொழுது சீக்கிரம் சாயும். தைக் கடைசியில் திருநெல்வேலியில் ஆறேகால் மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். இங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். நம் ஊர்ப் பழக்கத்தில் நான்கரைக்கு எழுந்து, காபி குடித்துக் கிளம்பினால் எல்லாம் இருட்டில்தான் பார்ப்பீர்கள். முதல் நாள் மூன்றரைக்கே புறப்பட்டு பிரின்செப் காட் போய்விடுங்கள்.

பிரின்செப் காட் என்பது கங்கையின் கிளையான ஹூக்ளி நதிக்கரையில் இருக்கிற வெள்ளைத் தூண் மண்டபம். ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயரின் நினைவாகக் கட்டியது. இங்கே நாணயச் சாலையில் அதிகாரியாக இருந்தவர். அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தை 1837-இல் முழுதாகப் படித்துக் காட்டியவர் அவர்தான். நம் ஊர்ப் பக்கம் குன்றுகளில் இருக்கிற தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துகளைப் பின்னால் வந்தவர்கள் படிக்க முடிந்ததற்கும் தொடக்கம் அங்கேதான். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவேன். மண்டபத்துக்குப் பின்னால் தண்டவாளத்தைத் தாண்டினால் படித்துறை. மேலே 1992-இல் திறந்த வித்யாசாகர் சேது, கம்பிகளில் தொங்குகிற பாலம். கீழே பாய் வேய்ந்த கூரை போட்ட நாட்டுப் படகுகள். எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்பதை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். சூரியன் ஹவுரா பக்கம் இறங்கும்போது நீங்கள் ஆற்று நடுவில் இருக்க வேண்டும். படகுக்காரர் துடுப்பு போடுவதைத் தவிர வேறு சத்தம் இருக்காது. அன்றைக்கு இது போதும். கரையில் மண்குவளையில் டீ குடித்துவிட்டு அறைக்குத் திரும்புங்கள். அந்தக் குவளையை இங்கே பாட் என்பார்கள். குடித்ததும் தூக்கிப் போட்டு உடைப்பது வழக்கம், உங்களுக்கு மனசு வராவிட்டால் கழுவி ஊருக்கு எடுத்துப் போங்கள். என் பூஜை அறையில் முதல் நாள் குவளை இன்னும் இருக்கிறது, திரி போட்டு வைக்கிறேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு எழுந்து கிளம்புவது கஷ்டம்தான், ஆனால் மல்லிக் காட் பூச்சந்தையை அந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும். ஹவுரா பாலத்தின் கொல்கத்தாப் பக்கத்து அடியில் இருக்கிறது. கேந்திப்பூவை மாலையாகக் கட்டி, அந்த மாலைகளைப் பந்தாகச் சுருட்டி, தலைச்சுமையாகக் கொண்டுபோவார்கள். தாமரை மொட்டு, அரளி, நிலச்சம்பங்கி எல்லாம் குவியல் குவியலாகக் கிடக்கும். நிலச்சம்பங்கிக்கு இங்கே ரஜனிகந்தா என்று பெயர், இவர்கள் கல்யாண மாலை அதில்தான். தரை முழுக்கச் சகதி, சுமை தூக்குகிறவர்கள் வேகமாக வருவார்கள். ஓரமாக நில்லுங்கள், வழியை மறித்துப் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு அது பிழைப்பு நேரம்.

அங்கிருந்து படியேறினால் பாலம். 1943-இல் திறந்தது. ஆணி, நட்டு, போல்ட் என்று திருகி இறுக்கியது எதுவும் இல்லாமல், எல்லாம் தட்டி இணைத்த ரிவெட் வேலை. ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. 26,500 டன் இரும்பு, அதில் 23,000 டன் ஜம்ஷெட்பூர் டாடா ஆலையில் உருக்கியது. நடைபாதையில் மெதுவாக நடந்து ஹவுரா பக்கம் போங்கள், முக்கால் கிலோமீட்டருக்குள்தான். நடக்கும்போது காலடியில் பாலம் லேசாக அதிர்வது தெரியும். திரும்பி வர இரண்டு வழி. ஹவுரா நிலையத்துக்கு எதிரே படகுத்துறை, சில ரூபாயில் இக்கரைக்கு வந்துவிடலாம். இன்னொன்று மெட்ரோ. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984-இல் இந்த ஊரில்தான் ஓடியது, ஆற்றுக்கு அடியில் போகிற முதல் வண்டியும் 2024 மார்ச்சில் இங்கேதான் வந்தது. ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடு வரை. ஆற்றுக்குக் கீழே அரைக் கிலோமீட்டர், முக்கால் நிமிஷம். சுரங்கத்தில் நீல விளக்கு வரும்போது தலைக்கு மேல் கங்கை என்று தெரிந்துகொள்ளலாம். பாலத்தில் நடந்து போய், ஆற்றுக்கு அடியில் திரும்பி வாருங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெட்ரோ தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் வருவது இந்த ஊரின் நல்ல மாதத்தில். மழைக்காலத்தில் வந்தால் கிடைக்காத இரண்டு பொருள் இப்போது கிடைக்கும். ஒன்று பச்சைப் பட்டாணி கச்சோரி. பட்டாணியை அரைத்து உள்ளே வைத்துப் பூரிபோலப் பொரித்து, உருளைக்கிழங்குக் குழம்போடு தருவார்கள். காலைப் பலகாரத்துக்கு அதைத் தேடுங்கள். இன்னொன்று நோலேன் குர். ஈச்சமரத்தில் பதநீர் இறக்கிக் காய்ச்சுகிற கருப்பட்டி. பனங்கருப்பட்டி தின்று வளர்ந்த நமக்கு அதன் வாசனை உடனே பிடித்துவிடும், ஆனால் இது இன்னும் மென்மை, லேசான புகை மணம். குளிர்காலத்தில் மட்டும்தான் வரும். அதைப் போட்ட சந்தேஷ், ரசகுல்லா இரண்டையும் அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கே சாப்பிடுங்கள். டப்பாவில் அடைத்த ரசகுல்லாவை நம் ஊரிலேயே வாங்கலாம், இங்கே அது வேண்டாம். தெருவில் புச்கா என்று விற்பது நம் ஊர்ப் பானிபூரியின் உறவுதான். உருளைக்கிழங்கைக் காரமாகப் பிசைந்து வைத்து, புளித்தண்ணீரில் முக்கித் தருவார்கள். நான் சாப்பிடுவேன். வெளியூரிலிருந்து வந்த முதல் நாளே நீங்கள் சாப்பிட வேண்டாம், அந்தத் தண்ணீர் எல்லா வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. மலைப்பாதை ஜீப்பில் வயிறு கெட்டால் மிகவும் கஷ்டம்.

நீங்கள் சைவமா என்று சொல்லவில்லை. சைவம் என்றால் "நிராமிஷ்" என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு வாருங்கள். பருப்பிலேயே மீன்தலை போட்டுச் சமைக்கிற ஊர் இது, வெறும் பருப்பு என்று கேட்டால் போதாது. மீன் இவர்களுக்கு மங்கலப் பொருள். கல்யாணச் சீரில் பெரிய கெண்டை மீனுக்குப் புடவை சுற்றி, பெண்போல அலங்காரம் பண்ணித் தட்டில் வைத்து அனுப்புவார்கள். அசைவம் என்றால் கடுகு அரைத்து விட்ட மீன் குழம்பும், முழு உருளைக்கிழங்கு போட்ட பிரியாணியும் விடாதீர்கள். சோறு, ரசம் இல்லாமல் முடியவில்லை என்று இருவரில் ஒருவருக்குத் தோன்றினால் லேக் மார்க்கெட் பக்கம் போங்கள். தமிழர்கள் பல தலைமுறையாக இருக்கிற பகுதி. இட்லி, காபி, சாப்பாடு எல்லாம் உண்டு. வெற்றிலையும் கறிவேப்பிலையும் தலைக்கு வைக்கப் பூச்சரமும்கூட அங்கே வாங்கலாம்.

மத்தியானம் தூங்கி எழுந்து, மூன்று மணிக்கு விக்டோரியா மெமோரியல் தோட்டம். கட்டடத்துக்கு உள்ளே போவது உங்கள் விருப்பம். 1906-இல் அடிக்கல் நாட்டி 1921-இல் திறந்தது, ராஜஸ்தான் மக்ரானா சலவைக்கல். திங்கட்கிழமை உள்ளே விடமாட்டார்கள். எனக்குத் தோட்டம்தான் பிடிக்கும். இந்த ஊர் இளம் ஜோடிகள் எல்லோருக்கும் உட்காரக் கிடைத்த இடம் அது. மர நிழலிலும் குளக்கரையிலும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது, அரைமணி நேரத்தில் நாங்களும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். அங்கிருந்து மைதானம் ஓரமாக நடந்து பார்க்  ஸ்ட்ரீட் போய்ச் சேரலாம். 1927-இல் ஒரு சுவிட்சர்லாந்துத் தம்பதி தொடங்கிய ஃப்ளூரிஸ் டீக்கடை அங்கே இன்னும் நடக்கிறது. விலை அதிகம்தான். ஒரு கேக், இரண்டு டீ வாங்கிக்கொண்டு கண்ணாடி ஓரமாக உட்கார்ந்தால் அவசரப்படுத்த மாட்டார்கள்.

நீங்கள் வரும் நாள் வசந்த பஞ்சமியை ஒட்டி அமைந்தால் அதிர்ஷ்டம். அன்றைக்குத்தான் இங்கே சரஸ்வதி பூஜை. சின்னப் பெண்கள் முதல் கல்லூரிப் பெண்கள் வரை மஞ்சள் புடவையில் கிளம்பிவிடுவார்கள், பையன்கள் பஞ்சாபிக் குர்தாவில். புத்தகத்தை அம்மன் காலடியில் வைத்துவிட்டால் அன்று படிக்கக் கூடாது. அதனால் ஊரே சுற்றும். வங்காளிகள் அதைத்தான் தங்கள் காதலர் தினம் என்பார்கள். பெட்டியில் ஒரு மஞ்சள் புடவை இருந்தால் எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலைக்குத் தட்சிணேஸ்வரம். காளிகாட் புகழ்பெற்ற கோயில்தான், வேண்டுதல் இருந்தால் போங்கள். ஆனால் புதுத்தாலி போட்ட பெண்ணைப் பார்த்ததும் பண்டாக்கள், அதாவது தரிசனத்துக்குக் கூட்டிப்போகிற கோயில் தரகர்கள், சூழ்ந்துகொள்வார்கள். நிம்மதியாகக் கும்பிட முடியாது என்பது என் அனுபவம். தட்சிணேஸ்வரம் காளி கோயில் ராணி ராஷ்மணி 1855-இல் கட்டியது. மெட்ரோ கோயில் பக்கத்திலேயே போய் நிற்கிறது. ராமகிருஷ்ணர் இருந்த அறையை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளியிருக்கிற நகபத்தையும் பாருங்கள். நாதஸ்வரம்போல மேளதாளம் வாசிப்பதற்காகக் கட்டிய சிறு கட்டடம், அதன் கீழ் அறையில்தான் ராமகிருஷ்ணரின் மனைவி சாரதா தேவியார் வருஷக்கணக்காக இருந்தார். சமையல், சாமான், வந்துபோகும் பெண்கள் எல்லாம் அந்த ஒரு சின்ன அறைக்குள். நான் அங்கே நிற்கும்போதெல்லாம் அவரைத்தான் அதிகம் நினைத்துக்கொள்வேன். படித்துறையிலிருந்து, ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடத்துக்குப் படகு உண்டு. மடம் நண்பகலில் மூடிவிட்டு மாலையில்தான் திறக்கும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

சாயங்காலத்துக்குக் கரியாஹாட் கடைத்தெரு. புடவைக் கடலில் இறங்கினால் பொழுது போய்விடும், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம். இப்போது சங்கு வளை ஒரு ஜோடி மட்டும் வாங்குங்கள். வங்காளத்தில் கல்யாணமான பெண்ணின் அடையாளம் வெள்ளைச் சங்கு வளையும் சிவப்பு வளையும். ஷாங்கா, போலா என்பார்கள். அந்தச் சங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? காலங்காலமாக நம் மன்னார் வளைகுடாவிலிருந்துதான். தூத்துக்குடியிலும் ராமநாதபுரம் கடற்கரையிலும் மூச்சடக்கிச் சங்கு குளித்து எடுத்ததைக் கப்பலில் வங்காளத்துக்கு அனுப்பினார்கள். இங்கே ஷாங்காரி என்ற வகுப்பார் தலைமுறை தலைமுறையாக அதை வளையாக அறுத்தார்கள். கொற்கையில் தோண்டியபோது அறுத்த சங்குகள் கிடைத்தனவே, ஒரு காலத்தில் நம் பெண்களும் அதைத்தான் போட்டிருந்தார்கள். எனக்கு இது தெரியாது. வந்த முதல் மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டி என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் தன் கையைத் தூக்கி வளையைக் காட்டி, "உங்கள் கடல்" என்றார். கல்யாணமாகி இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, யாரையும் தெரியாமல் இருந்த எனக்கு அன்றைக்குத்தான் இந்த ஊரோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நீங்களும் தாமிரபரணிக்காரர்தானே, அதனால்தான் சொல்கிறேன். கடைக்காரர் உங்களைப் "பௌதி" என்று கூப்பிடுவார், அண்ணி என்று அர்த்தம். உங்கள் வீட்டுக்காரர் "தாதா", அண்ணன். புது உறவில் உங்களை முதலில் அழைக்கிற வெளியார் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

சயின்ஸ் சிட்டி, மிருகக்காட்சி சாலை எல்லாம் குழந்தைகளோடு வரும்போது பார்க்கலாம். பார்க் ஸ்ட்ரீட் முனையில் 1767-இல் தொடங்கிய பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று மிக அழகு. ஆனால் புதுசாகக் கல்யாணமானவர்கள் அங்கே போனதாகத் தெரிந்தால் வீட்டில் மனசு சங்கடப்படுவார்கள், அதை அடுத்த முறைக்கு விடுங்கள். இருவருக்கும் புத்தகம் பிடிக்கும் என்றால் மட்டும் ஒரு மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்து காலேஜ் ஸ்ட்ரீட் போய், மாடியில் இருக்கிற காபி ஹவுஸில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். டிராம் ஒன்று எதிர்ப்பட்டால் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறுங்கள். 1873-இல் குதிரை இழுக்கத் தொடங்கிய வண்டி இப்போது ஓரிரு தடத்துக்குச் சுருங்கிவிட்டது.

பாக்டோக்ராவுக்கு விமானத்தில் போனால் ஒரு மணி நேரம் சொச்சம். ஆனால் நான் ரயிலைத்தான் சொல்வேன். சியால்டா ரயில் நிலையத்திலிருந்து டார்ஜிலிங் மெயில், இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின் கிளம்பி காலை எட்டு மணி வாக்கில் மலையடிவார நிலையமான நியூ ஜல்பைகுரி போகும். ஆங்கிலேயர் காலத்து வண்டி. பிரிவினைக்கு முன் இன்றைய வங்காளதேசம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், அன்று காலை எட்டு மணிக்கே போட்டுவிடுங்கள். முதல் வகுப்பு ஏசியில் இருவர் மட்டும் இருக்கிற கூப்பே உண்டு. சார்ட் போடும்போதுதான் ஒதுக்குவார்கள், கிடைக்கும் என்று உறுதி கிடையாது. ஒரே டிக்கெட்டில் இருவர் பெயரும் இருந்தால் வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டாலும் குறையில்லை.

விடுதியில் மதியமே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டு இரவு எடுத்துக்கொள்ளலாம். குளித்து உடை மாற்ற ஒரு மணி நேரம் அறை கேட்டுப் பாருங்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று தெரிந்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சியால்டாவுக்கு ஒன்பதுக்கே போய்விடுங்கள், அந்த வழியில் நெரிசல் எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்வெட்டர், சால்வை இரண்டையும் பெட்டிக்கு மேலாக வைத்துக்கொள்ளுங்கள். நியூ ஜல்பைகுரியில் இறங்கும்போது வேண்டியிருக்காது, ஜீப் கர்சியாங் தாண்டும்போது வேண்டும். ஜீப்பில் உங்களுக்குத் தலை சுற்றும் என்றால் முன்சீட்டைக் கேளுங்கள். வெளியே எட்டிப் பார்க்க ஜன்னலோரம் அவருக்கு வேண்டுமா, உங்களுக்கு வேண்டுமா என்பதை அதற்குள் இருவருக்கும் கேட்டுக்கொள்ளத் தெரிந்திருக்கும்.